எழும்பினால் 'ஸெ', எழுப்பினால் இல்லை: பிரெஞ்சு வினைகள் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

மல்லாவியிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். கணவர் பாரிசில். இவர் வீட்டிலிருந்தபடி இணையத்தில் பிரெஞ்சு படித்து, 'டெல்ஃப் ஏ1' என்ற தொடக்கநிலைப் பிரெஞ்சுச் சோதனைக்கு ஆயத்தமாகிறார். கேள்வி இதுதான்: "'ஜெ லவ்' என்றாலும் கழுவுகிறேன், 'ஜெ மெ லவ்' என்றாலும் கழுவுகிறேன். நடுவில் அந்த 'மெ' எதற்கு? காணொளியில் 'மைசெல்ஃப்' என்று இங்கிலீசில் விளங்கப்படுத்துகிறார்கள். அப்படியென்றால் விடிய எழும்புவதற்கும் 'என்னை நானே எழுப்புகிறேன்' என்றா சொல்ல வேண்டும்? இறந்தகாலத்தில் ஓரிடத்தில் 'ஜே' வருகிறது, இன்னோரிடத்தில் 'சுயி' வருகிறது. பெண் என்றால் கடைசியில் ஒரு 'ஈ' (e) எழுத்துப் போடச் சொல்கிறார்கள், பிறகு சில வசனங்களில் போடக்கூடாது என்கிறார்கள். தலை சுற்றுகிறது."

தங்கச்சி, இங்கிலீஸ் வழியாகப் போனால் தலை சுற்றத்தான் செய்யும். இங்கிலீசில் எழும்புவதற்கு 'மைசெல்ஃப்' தேவையில்லை, அதனால் அந்த விளக்கம் பாதிவழியில் விட்டுவிடும். தமிழில் உங்களுக்கு இது ஏற்கனவே தெரிந்த சங்கதி. பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்களே, அதை எடுங்கள்.

நான் எழும்புகிறேன். நான் பிள்ளையை எழுப்புகிறேன். இரண்டும் ஒரே வேரில் வந்தவை. எழும்பு என்றால் செயல் என்னோடு நிற்கிறது, எழுப்பு என்றால் இன்னொருவர் மேல் போகிறது. நாங்கள் வினைக்குள்ளேயே ஓசையை மாற்றி இதைக் காட்டுகிறோம். பிரெஞ்சுக்காரர் வினையைத் தொடமாட்டார்கள், முன்னால் ஒரு சின்னச் சொல்லை வைப்பார்கள். 'ரேவெய்யே' என்றால் நித்திரையால் எழுப்பு. 'ஸெ ரேவெய்யே' என்றால் எழும்பு. அதாவது பிரெஞ்சு அகராதியில் வெறுமனே நிற்கும் வினை பெரும்பாலும் எங்கள் பிறவினை. 'ஸெ' சேர்ந்தால் அது தன்வினையாகிறது. 'என்னை நானே' என்ற எண்ணமே வரத் தேவையில்லை.

(தமிழ் எழுத்தில் பிரெஞ்சை முழுதாகக் கொண்டுவர முடியாது. 'ஜெ' என்று எழுதுவதை 'ஜ'வுக்கும் 'ஷ'வுக்கும் நடுவில் மெதுவாகச் சொல்லுங்கள். 'த்யு' என்பதற்கு உதட்டை 'உ'வுக்குக் குவித்துக்கொண்டு 'இ' சொல்லுங்கள். 'ஓன்', 'ஆன்' வரும் இடங்களில் கடைசி ஒலி மூக்கோடு நின்றுவிட வேண்டும், நாக்கு மேலே முட்டக்கூடாது.)

ஏ9 வீதியில் போகும் பஸ் முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்கிறது. சாரதி பஸ்ஸை நிறுத்துகிறார். நிறுத்து என்பது 'அரெத்தே', நில் என்பது 'ஸரெத்தே'. பஸ் நிற்கிறது என்றால் 'லெ ப்யுஸ் ஸரெத்'. சாரதி நிறுத்துகிறார் என்றால் 'லெ ஷோஃபர் அரெத் லெ ப்யுஸ்'. குழப்படி செய்யும் பிள்ளையைப் பார்த்துப் பிரெஞ்சுத் தாய் 'அரெத்!' என்று கத்துவதும் இதே வினைதான். நாங்களும் அங்கே "நிறுத்து!" என்றுதானே சொல்வோம், "நில்" என்று இல்லையே.

மாரி மழைக்கு இரணைமடுக் குளம் நிரம்புகிறது: 'இரணைமடு ஸெ ரான்ப்லி'. வாளியை நிரப்புகிறேன் என்றால் 'ஸெ' இல்லாத 'ரான்ப்லிர்'. இதை இப்போதே பாடமாக்கி வையுங்கள். பிரான்சில் எந்த அலுவலகப் படியேறினாலும் முதலில் கையில் தருவது ஒரு படிவமாக இருக்கும், அப்போது சொல்வது 'ரான்ப்லிஸே லெ ஃபோர்முலேர்', படிவத்தை நிரப்புங்கள். நிரம்பு, நிரப்பு, திரும்பு, திருப்பு ('ஸெ தூர்னே', 'தூர்னே'), கூடு, கூட்டு ('ஸெ ரேயுனிர்', 'ரேயுனிர்'). எங்கள் ஊரில் பிள்ளையைக் கிடத்து என்போம், அது 'கூஷே'. நான் படுக்கிறேன் என்றால் 'ஜெ மெ கூஷ்'. பிள்ளையை நித்திரையாக்குவது 'ஆன்தொர்மிர்', நித்திரையாகிப்போவது 'ஸான்தொர்மிர்'. சூரியனுக்கும் இதே கணக்கு. முல்லைத்தீவுக் கடலில் அது எழும்பினால் 'ஸெ லேவ்', மன்னார்ப் பக்கம் படுத்தால் 'ஸெ கூஷ்'.

'படு', 'படுத்து' என்று முடியும் மனநிலை வினைகளும் இந்த வரிசையில்தான். கவலைப்படு 'ஸான்கியேத்தே', கவலைப்படுத்து 'ஆன்கியேத்தே'. ஆச்சரியப்படு 'ஸேதொனே', ஆச்சரியப்படுத்து 'ஏதொனே'. கோபப்படு 'ஸெ ஃபாஷே'. உங்கள் கணவர் போனில் 'தான்கியேத்!' என்று சொன்னால் திகைக்க வேண்டாம். 'நெ தான்கியேத் பா', கவலைப்படாதை என்பதைப் பேச்சில் அப்படிச் சுருக்கிவிடுவார்கள். ஆனால் பயப்படு, வெட்கப்படு, ஆசைப்படு மூன்றும் இந்தக் கூட்டத்தில் இல்லை. அவற்றுக்குப் பிரெஞ்சில் 'பயம் இருக்கிறது', 'வெட்கம் இருக்கிறது', 'ஆசை இருக்கிறது' என்பதுபோல 'அவ்வார்' வினைதான் வரும்: 'ஜே பெர்', பயமாக இருக்கிறது.

தமிழ் ஒத்து வராத இடங்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சோதனை மண்டபத்தில் என்னைத் திட்டுவீர்கள். கதவு திறந்தது, கதவைத் திறந்தான். தமிழில் இரண்டுக்கும் ஒரே வினை. பிரெஞ்சில் முதலாவதற்கு 'ஸூவ்ரீர்', இரண்டாவதற்கு 'ஊவ்ரீர்'. இப்படி வினை மாறாத இடங்களில் 'ஐ' உருபைத் தேடுங்கள். கதவை என்று 'ஐ' இருந்தால் 'ஸெ' வேண்டாம். எதிர்ப்பக்கமும் உண்டு. வளர்வது, மெலிவது, விழுவது, மாறுவது எல்லாம் எங்களுக்குத் தன்வினை. ஆனால் 'கிராந்தீர்', 'மேக்ரீர்', 'தோம்பே', 'ஷான்ஜே' ஆகியவை அந்தப் பொருளில் 'ஸெ' இல்லாமலே வரும். 'கிளிநொச்சி மாறிவிட்டது' என்று சொல்ல 'கிளிநொச்சி அ ஷான்ஜே' போதும். 'ஸெ ஷான்ஜே' என்றால் உடுப்பு மாற்றுவது. நித்திரை கொள்வதில் 'கொள்' இருக்கிறது என்று 'தொர்மீர்' முன்னால் 'ஸெ' போட்டுவிடாதீர்கள். அது வெறும் 'ஜெ தொர்'.

இனி வடிவம். 'ஸெ' என்பது அகராதிப் பெயர் மட்டும். ஆளுக்கேற்ப அது மாறும் ('ஸெ லெவே' என்றால் படுக்கையை விட்டு எழும்பு): ஜெ மெ லேவ், த்யு தெ லேவ், இல் ஸெ லேவ், நூ நூ லெவோன், வூ வூ லெவே, இல் ஸெ லேவ். 'நூ நூ', 'வூ வூ' என்று இரண்டு தரம் வருவது அச்சுப்பிழை இல்லை. பேச்சில் 'நூ' குறைவு, பதிலாக 'ஓன் ஸெ லேவ்' என்பார்கள். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் 'மெ', 'தெ', 'ஸெ' மூன்றும் மெய்யொலியாகி ஒட்டிக்கொள்ளும். உடுத்துவது 'ஸபியே', நான் உடுத்துகிறேன் 'ஜெ மபிய்'. அதன் முதலெழுத்தான 'ஹ' எழுத்தில் மட்டும் இருக்கும், வாயில் வராது. உங்கள் பெயரைச் சொல்லும் 'ஜெ மப்பெல்' இதே ஆள்தான். 'அப்பெலே' என்றால் கூப்பிடு.

அகராதியில் தேடும்போது 'ஸெ' என்ற இடத்தில் தேடாதீர்கள். வினையின் கீழே, கடைசிப் பகுதியில், 'வெர்ப் ப்ரொனொமினல்' என்ற குறிப்போடு இருக்கும். பிரெஞ்சு வாத்திமார் இந்தக் கூட்டத்துக்கு வைத்திருக்கும் பெயர் அதுதான்.

என்னிடம் ரியூசனுக்கு வரும் பிள்ளைகள் அதிகம் பிழைவிடும் இடம் ஒன்று உண்டு. 'நான் படுக்கப் போகிறேன்' என்பதற்கு 'ஜெ வே ஸெ கூஷே' என்று எழுதுவார்கள். 'ஸெ கூஷே' என்று ஒரே மூச்சில் பாடமாக்கியதால் வரும் வினை. 'ஜெ வே மெ கூஷே' என்பதே சரி. வினை மாறாமல் அகராதி வடிவிலேயே நின்றாலும் முன்னால் உள்ள சொல் ஆளுக்கேற்ப மாறியாக வேண்டும். 'த்யு த்வா தெ ரெப்போஸே', நீ ஓய்வெடுக்க வேண்டும். எதிர்மறையில் 'நெ' முன்னால், 'பா' பின்னால்: 'ஜெ நெ மெ லேவ் பா'. கட்டளையில் மட்டும் அந்தச் சொல் பின்னால் ஓடிவிடும்: 'லேவ் த்வா!' எழும்பு! 'அஸெயே வூ', இருங்கோ. வேண்டாம் என்று தடுக்கும்போது திரும்ப முன்னால் வந்துவிடும்: 'நெ தெ லேவ் பா'.

இறந்தகாலத்துக்கு வருவோம். 'ஜே'யா 'சுயி'யா என்று கேட்டீர்கள். செயலைச் செய்பவரையே குறிக்கும் 'மெ, தெ, ஸெ' இருந்தால் எப்போதும் 'சுயி' குடும்பம், அதாவது 'ஏத்ர்'. இதற்கு விதிவிலக்கு இல்லை. பாத்திரம் கழுவினேன், 'ஜே லவே லா வெஸெல்'. மேல் கழுவினேன், 'ஜெ மெ சுயி லவே'. 'ஜே மெ லவே' என்று ஒருநாளும் வராது. எதிர்மறை கொஞ்சம் நீளம்: 'ஜெ நெ மெ சுயி பா லெவே', நான் எழும்பவில்லை.

அந்தக் கூடுதல் 'ஈ' எழுத்துத்தான் உண்மையில் கஷ்டமான இடம். பிரெஞ்சுக்காரரே இதில் தடுமாறுவார்கள், அதனால் மனம் விடவேண்டாம். இங்கேயும் தமிழ் வேற்றுமை கைகொடுக்கும். 'எல் ஸே லவே': அவள் கழுவினாள். எதைக் கழுவினாள்? தன்னை. 'ஸெ' இங்கே 'தன்னை', 'ஐ' உருபு. ஆகவே கடைசியில் 'ஈ' போட வேண்டும். அடுத்தது, 'எல் ஸே லவே லே ஷவே': தலைக்கு முழுகினாள். எதைக் கழுவினாள்? தலைமயிரை. 'ஐ' தலைமயிருக்குப் போய்விட்டது, 'ஸெ'க்கு மிஞ்சியது 'தனக்கு' மட்டும். ஆகவே 'ஈ' இல்லை. கை முறிந்தாலும் இதே கணக்கு: 'எல் ஸே காஸே லெ ப்ரா', 'ஈ' இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள், 'லே ஷவே' என்றுதான் வந்தது, 'என் தலைமயிர்' என்று வரவில்லை. யாருடைய தலை என்பதை 'ஸெ' ஏற்கனவே சொல்லிவிட்டது. 'ஜெ மெ லவ் மே மான்' என்று எழுதினால் பிழை, 'ஜெ மெ லவ் லே மான்' சரி.

பலபேர் ஒருவரோடு ஒருவர் செய்வதற்கும் இதே 'ஸெ'தான். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், 'இல் ஸெ ஸோன் வ்யு'. 'ஐ' இருக்கிறது, ஆகவே பன்மைக்கு 'எஸ்' எழுத்துச் சேரும். ஒருவருக்கு ஒருவர் போன் எடுத்தார்கள், 'இல் ஸெ ஸோன் தெலெஃபொனே'. 'கு' உருபு, ஆகவே 'எஸ்' சேராது. ஒருவரோடு ஒருவர் கதைத்தார்கள் என்றாலும் சேராது. இந்தக் கணக்கு நூற்றுக்கு நூறு பொருந்தாது. தமிழில் உதவுவது 'கு', ஒருவருக்கு உதவுவோம். பிரெஞ்சில் 'ஏதே' (உதவு) நேரடியாக ஆளைப் பிடிக்கும். அதனால் ஒருவருக்கொருவர் உதவினார்கள் என்பதில் 'எஸ்' போட வேண்டும். காத்திருப்பதும் அப்படியே. புதிய வினை ஒன்றைப் படிக்கும்போது அது ஆளை நேராகப் பிடிக்கிறதா, நடுவில் எங்கள் 'கு' உருபுபோன்ற 'ஆ' என்ற சொல்லை வைக்கிறதா என்பதையும் சேர்த்துப் பாடமாக்கினால் பிறகு கரைச்சல் இல்லை.

இத்தனையும் எழுத்துக்குத்தான். 'லவே' என்பதில் 'ஈ' இருந்தாலும் இல்லாவிட்டாலும் காதுக்கு ஒன்றுதான். காதில் விழும் வினைகள் கொஞ்சமே, அவற்றைத் தனியாகப் பழகுங்கள். இருந்தான் 'இல் ஸே அஸி', இருந்தாள் 'எல் ஸே அஸீஸ்'. வகுப்பில் பதிந்தேன் என்று நீங்கள் சொல்லும்போது 'ஜெ மெ சுயி ஆன்ஸ்க்ரித்' என்று கடைசித் 'த்' கேட்க வேண்டும். ஆண் சொன்னால் 'ஆன்ஸ்க்ரி'. வாய்மொழிச் சோதனையில் இது உடனே காதில் பிடிபடும்.

சில வினைகளுக்கு 'ஸெ' வந்ததும் பொருளே தடம் மாறிவிடும். 'த்ரோம்பே' ஏமாற்று, 'ஸெ த்ரோம்பே' பிழைவிடு. 'தெமான்தே' கேள், 'ஸெ தெமான்தே' மனதுக்குள் யோசி. 'ஆன்தான்த்ர்' காதில் விழு, 'ஸான்தான்த்ர்' ஒத்துப்போ. மாமியாரோடு ஒத்துப்போகிறதா என்று அயல்வீட்டுப் பிரெஞ்சுக்காரி கேட்டால் இந்த வினையில்தான் கேட்பாள். 'ஸெ ஸூவ்னீர்', ஞாபகம் வைத்திருப்பது, இன்றைய பிரெஞ்சில் 'ஸெ' இல்லாத வினையாகப் புழங்குவதில்லை. மயங்கி விழுவதும் ('ஸேவனூயீர்') அப்படியே. ஏன் என்று கேட்டு நேரத்தைச் செலவழிக்காமல் பாடமாக்குங்கள்.

குளிப்பதைப் பற்றி ஒரு சின்ன விசயம். எங்களுக்குக் கிணற்றடியில் அள்ளி வார்த்தாலும் குளிப்பு, குளத்தில் இறங்கினாலும் குளிப்பு. அவர்களுக்கு வேறுவேறு. குழாயடியில் நின்று குளிப்பது 'ஸெ தூஷே', கடலிலோ குளத்திலோ தொட்டியிலோ இறங்கினால் 'ஸெ பெய்ஞே'. தினமும் விடிய 'ஜெ மெ பெய்ஞ்' என்று சோதனையில் சொன்னால், தங்கச்சி நீச்சலுக்குப் போகிறார் என்று எழுதிக்கொள்வார்கள்.

பாரிசுக்குப் போனதும் நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் 'ஸெ' வசனம் எது தெரியுமா? 'ஸா ஸெக்ரி கொமான்?' இதை எப்படி எழுதுவது? எங்கள் பெயர்களின் நீளத்தைப் பார்த்தால் அலுவலகக்காரரைக் குறைசொல்லவும் முடியாது. இங்கே யாரும் தன்னைத்தானே எழுதவில்லை. பொதுவாக எப்படிச் செய்வது, எது வழக்கம் என்று சொல்ல 'ஸெ' உதவுகிறது. 'ஸா ஸெ மான்ஜ்?' இதைச் சாப்பிடலாமா? ஒடியல் கூழைக் காட்டினால் கட்டாயம் கேட்பார்கள். அதேபோல, போனை வைக்கும்போது 'ஓன் ஸப்பெல்!' என்று சொன்னால், திரும்பக் கதைப்போம் என்று பொருள். பெயர் கேட்கிறார்கள் என்று நினைத்துப் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.

உங்களுக்கு மிகவும் தேவைப்படும் வினை கலியாணம். 'ஜெ சுயி மரியே' என்றால் நான் கலியாணம் முடித்தவள், அது இப்போதைய நிலை. 'ஜெ மெ சுயி மரியே' என்றால் கலியாணம் கட்டினேன், அது நடந்த சம்பவம். எப்போது கட்டினீர்கள் என்று கேட்டால், 'வூ வூ ஸெத் மரியே கான்?', பதிலில் 'மெ' கட்டாயம் வேண்டும். 'மரியே' என்று வெறுமனே நின்றால் கட்டிவைப்பது. பிரான்சில் சட்டப்படியான கலியாண எழுத்து நகரசபையில் நடக்கும், மேயர் கட்டிவைப்பார், அவருக்குத்தான் அந்த வினை பொருந்தும். தமிழில் "அவரைக் கட்டினேன்" என்று 'ஐ' வருவதால் எங்கள் பிள்ளைகள் 'ஜே மரியே' என்று தொடங்கிவிடுகிறார்கள். ஐயரோ மேயரோ இல்லாவிட்டால் அப்படிச் சொல்ல வேண்டாம். 'ஐ'யோடு சொல்லத்தான் வேண்டும் என்றால் வேறு வினை இருக்கிறது: 'ஜே ஏபூஸே' என்று தொடங்கிக் கணவரின் பெயரைச் சொல்லுங்கள்.

பழகுவதற்கு ஒரு வழி. ஏ1 வாய்மொழியில் உங்களைப் பற்றியும் உங்கள் அன்றாடத்தைப் பற்றியும் கேட்பார்கள். முதலில் உங்கள் காலையைச் சொல்லுங்கள்: 'ஜெ மெ ரேவெய், ஜெ மெ லேவ், ஜெ மெ லவ், ஜெ மபிய்'. உடனே அதே வினைகளைப் பிள்ளைக்குத் திருப்புங்கள்: 'ஜெ ரேவெய் லான்ஃபான், ஜெ லவ் லான்ஃபான், ஜபிய் லான்ஃபான்'. 'மெ' எங்கே விழுகிறது என்பதை வாய் பழகிக்கொள்ளும். பிறகு இரண்டையும் நேற்றைக்கு மாற்றுங்கள், 'மெ சுயி'யும் 'ஜே'யும் தானாகப் பிரிந்து நிற்கும். அடுப்படியில் நின்றே செய்யலாம், கொப்பி தேவையில்லை.

கடைசியாக, புத்தகம் ஏ1இல் சொல்லாத ஒன்று, ஆனால் பிரான்சில் போய் இறங்கிய கிழமையே தேவைப்படும். தமிழில் "தலைமயிர் வெட்டினேன்" என்கிறோம், வெட்டியது சலூன்காரர். "ஊசி போட்டேன்" என்கிறோம், போட்டது தாதி. "பல்லுப் புடுங்கினேன்" என்கிறோம், புடுங்கியது பல் டாக்குத்தர். பிரெஞ்சில் இன்னொருவர் கையால் நடந்தது என்றால் 'ஸெ ஃபேர்' சேர்க்க வேண்டும்: 'ஜெ மெ சுயி ஃபே கூப்பே லே ஷவே', 'ஜெ மெ சுயி ஃபே வக்ஸினே', 'ஜெ மெ சுயி ஃபே அரஷே யுன் தான்'. அந்த 'ஃபே' பெண்ணுக்கும் மாறாது, 'ஈ' போடும் கவலை இல்லை. 'ஃபே'யை விட்டுவிட்டு 'ஜெ மெ சுயி அரஷே யுன் தான்' என்றால், வீட்டில் நீங்களே குறடு எடுத்துப் பல்லைப் புடுங்கினீர்கள் என்று கேட்பவர் விளங்கிக்கொள்வார்.